முடி இல்லாத கூடு

"எனக்கு மட்டும் ஏன் சாமி இன்னும் காவி தரலை?" என்று கேட்டார் பிரமநாயகம்.

கேட்டவருக்கு வயது அறுபத்து மூன்று. கேட்கப்பட்டவருக்கு நாற்பத்தொன்று. முன்னவர் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் விலங்கியல் நடத்தியவர். பின்னவர் டவுன் பஸ்ஸில் ஒன்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஞானத்துக்கு வயது வரம்பு கிடையாது என்பது நூல்களின் கட்சி. ஆகவே மூத்தவர் இளையவரை 'சாமி' என்பார். இளையவர் மூத்தவரை 'அண்ணாச்சி' என்பார். இதில் யாருக்கும் சங்கடம் இல்லை.

சாமி மதிற்சுவரைக் காட்டினார்.

சுவரின்மேல் ஒரு கருஞ்சிட்டு உட்கார்ந்திருந்தது. ஆண். வாலை முதுகுக்கு மேலே நட்டுக்குத்தாக நிமிர்த்தியிருந்தது.

"அது காவியை எங்க வச்சிருக்கு, பாத்தீகளா?"

பிரமநாயகம் பார்த்தார். உடம்பெல்லாம் கறுப்பு. தோளில் ஒரு வெள்ளைக் கீற்று. வாலைத் தூக்கினால் மட்டும் தெரிகிற செங்காவி.

"வாலுக்கு அடியில, சாமி."

"ஊருக்குக் காட்டணும்னா வாலைத் தூக்கிக்கிட்டே நிக்கணும். கஷ்டம்."

"நான் எப்போன்னு கேட்டேன்."

"குஞ்சு பறக்கட்டும். அப்புறம் பேசுவோம்."

&nbsp;

கொடிக்குன்றின் அடிவாரத்தில் இருந்த அந்தக் குடிலில் ஐந்து பேர். ஐந்து பேரும் மொட்டை. இதற்குத் தத்துவ விளக்கம் உண்டு, கேட்கிறவர்களுக்குச் சொல்வார்கள். உண்மையில், முன்னொரு நாள் ரசத்தில் ஒரு முடி கிடந்தது. மறுநாள் சாமி நாவிதரை வரவழைத்தார். தத்துவம் அதற்கடுத்த வாரம் வந்தது.

பிரமநாயகம் அங்கே வந்து ஏழு மாதம். மனைவி உலகம்மாள் போய் ஐந்து வருஷம். வீட்டை விற்றாயிற்று. போனை மகளிடம் கொடுத்தாயிற்று. அந்த மகளுக்கு அவர்மேல் ஒரு வருத்தம் உண்டு. அம்மா போன அன்றும் அப்பா அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை.

அழாமல் இருந்ததைப் பற்றின்மை என்று பிரமநாயகம் எடுத்துக்கொண்டார். பாதிக் கிணறு வீட்டிலேயே தாண்டிவிட்டோம், மீதியைத் தாண்டத்தான் காவி என்று நம்பினார். அந்தக் காவியைத் தவிர இனி அவருக்கு வேண்டியது எதுவும் இல்லை. அது கிடைக்காவிட்டால் திரும்பிப் போக வீடும் இல்லை.

இப்போது அது ஒரு குருவியின் கையில் இருந்தது.

&nbsp;

குருவி கூடு வைத்திருந்தது சாமியின் பழைய தோல்பையில். கண்டக்டர் காலத்துப் பை. விறகுக் கொட்டகையின் பின்சுவரில், இடுப்பளவு உயரத்தில், ஓர் ஆணியில் தொங்கியது.

வந்த புதிதில் பிரமநாயகம் இதைப் பற்றிக் கேட்டிருந்தார். "எல்லாத்தையும் விட்டுட்டு வரச் சொல்றீங்க. நீங்க பையை வச்சிருக்கீங்களே?"

"நான் வச்சிருக்கலை. மாட்டியிருக்கேன்."

பிரமநாயகம் அந்தப் பதிலை இரண்டு நாள் யோசித்தார். பிறகு விட்டுவிட்டார்.

இப்போது பையைத் தினமும் மூன்று வேளை கவனித்தார். குருவியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அதைக் கேட்கக் குடிலில் ஓர் ஆள் கிடைத்தான். சமையல்கார சொரிமுத்து.

"சோறு வச்சேன், தொடவே இல்லை அண்ணாச்சி."

"அது தானியம் தின்கிற சாதி இல்லை. எறும்பு, கறையான், வண்டு, சிலந்தி, வெட்டுக்கிளி. குஞ்சுக்குச் சில சமயம் பல்லிக்குட்டி."

"பல்லியா? அதுக்குப் பேரு குருவியா?"

"அளவைப் பார்த்துப் பேர் வைக்கிறது நம்ம வழக்கம். அதுக்கு அது தெரியாது."

சாமி அந்தப் பக்கமாக வந்தார். "கூடு கட்டினது யாரு, அண்ணாச்சி? கறுப்பா?"

"இல்லை சாமி. தவிட்டு நிறத்தில ஒண்ணு உள்ளே உட்கார்ந்திருக்கே, அது. பெண். கட்டுகிறதும் பெண், அடைகாக்கிறதும் பெண்."

"அப்ப கறுப்புக்கு என்ன சோலி?"

"பாடும். எல்லையைக் காக்கும். பொரிச்ச பிறகு இரை கொண்டு வரும்."

"அதுக்கு முன்னாடி?"

"பாடும்."

"ம்."

"அந்தப் பாட்டு ரொம்ப நுட்பமான விஷயம், சாமி. அதைப் பற்றி நானே ஒரு கட்டுரை…"

"எழுதியிருப்பீக," என்றார் சாமி.

&nbsp;

எல்லை காப்பது என்றால் விளையாட்டில்லை. குடிலுக்கு ஒரு மொபெட் உண்டு. அதன் கண்ணாடியில் கறுப்புச் சிட்டு தன்னையே பார்த்துவிட்டது. வேறொரு சிட்டு வந்துவிட்டதென்று முடிவுகட்டி, காலையிலிருந்து உச்சிவேளை வரை கொத்தியது.

"எத்தனை நாளைக்குச் சண்டை போடும்?" என்றான் சொரிமுத்து.

"இனப்பெருக்கக் காலம் முடியற வரைக்கும். அது விலகினா எதிரியும் விலகும். அது வந்தா எதிரியும் வரும். அதுக்கு இது புரியாது."

சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டுக் கட்டினார்.

சிட்டு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. எதிரியைக் காணோம். சுவரில் ஏறி வாலைத் தூக்கி நிமிர்ந்து நின்று பாடியது.

"பாவம், ஜெயிச்சுட்டேன்னு நெனச்சுக்கிடட்டும்," என்றார் சாமி. பிறகு பிரமநாயகத்தைப் பார்த்தார். பிரமநாயகம் மொபெட்டைப் பார்த்தார்.

&nbsp;

வைகாசியில் ஒரு நாள் காலை குஞ்சுகள் பறந்தன. பறந்தன என்பது உபசாரம். பையிலிருந்து விழுந்து, தத்தி, கள்ளிப் புதருக்குள் நுழைந்தன. இரண்டு. மூன்றாவது முட்டை பொரிக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, இனி திரும்பாது என்று உறுதி செய்துகொண்டு, பிரமநாயகம் கூட்டைப் பையிலிருந்து எடுத்தார். செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்தார். சமையலறையிலிருந்து இடுக்கி வாங்கிக்கொண்டார். சாமியும் சொரிமுத்துவும் எதிரே குந்தினார்கள்.

அவருடைய முகத்தில் பத்து வருஷம் குறைந்துபோயிற்று. கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுக்கும்போது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"புல் வேர். தேங்காய் நார், நம்ம கிணற்றுக் கயிறு. இது வாழைச் சருகு. இது நூல். காவி நூல்."

"குருவிக்கு முதல்ல கிடைச்சிருச்சு," என்றான் சொரிமுத்து.

பிரமநாயகம் அதைக் காதில் வாங்கவில்லை. "இது பாம்புச் சட்டை."

சொரிமுத்து இரண்டடி தள்ளிக் குந்தினான்.

"இதை எதுக்கு வைக்குது?" என்றார் சாமி.

"எதிரியை மிரட்டன்னு ஒரு கட்சி. மினுமினுப்பா இருக்கு, அதனாலன்னு ஒரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி."

கடைசி அடுக்கையும் பிரித்தார். உள்விரிப்பை விரலால் தடவிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

"முடி இல்லை. கடைசியா மெத்தைக்கு முடிதான் வைக்கும். ஆட்டு முடி, மாட்டு வால் முடி, மனுஷ முடி, எது கிடைச்சாலும். இதில ஒரு இழைகூட இல்லை."

"ஏன்?"

பிரமநாயகம் சிரித்தார். தன் தலையைத் தொட்டார். சாமியின் தலையைக் காட்டினார். சொரிமுத்துவின் தலையைக் காட்டினார். சுற்றிலும் மதில்; ஆடுமாடு வராது.

"கூடுங்கிறது ஒரு சாட்சி, சாமி. வீட்டில என்ன உண்டோ அதுதான் கூட்டில. இந்தக் கூட்டை மட்டும் என் மேசையில வச்சிருந்தா போதும். இங்கே இருக்கிறவங்க எல்லாரும் மொட்டைன்னு வந்து பார்க்காமலே எழுதியிருப்பேன்."

"அப்ப முடி இல்லைன்னா அதுக்குக் காரணம் உண்டு."

"எப்பவும் உண்டு. முப்பத்திரண்டு வருஷத்தில, 'காரணம் தெரியவில்லை'ன்னு எழுதின ஒரு பையனுக்கும் நான் மார்க் போட்டதில்லை."

சாமி எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நாளைக்கு விசாகம். காலையில காவி தாரேன்."

பிரமநாயகத்தின் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது.

"கையில மிச்சம் ஏதாவது இருந்தா சாயங்காலம் அடுப்பில போட்டிருங்க. வழக்கம் தெரியும்லா?"

வழக்கம் தெரியும். காவி வாங்குகிறவர் முந்தின நாள் கடைசி உடைமையை அடுப்பில் இட வேண்டும். சொரிமுத்து தன் காதல் கடிதங்களை இட்டிருந்தான். அன்று சாம்பார் நன்றாக இருந்ததாகச் சொல்வார்கள்.

"ஒரு நோட்டு இருக்கு," என்றார் பிரமநாயகம்.

"என்ன நோட்டு?"

"குருவி நோட்டு. எங்க வீட்டுக் குளியலறைச் சுவர்ல வருஷா வருஷம் இதே சிட்டு கூடு வைக்கும். குஞ்சு போனதும் நான் கூட்டைப் பிரிச்சு எழுதி வைப்பேன். இருபத்திரண்டு வருஷக் குறிப்பு. வெறும் குருவி விஷயம். பற்று ஒண்ணும் இல்லை."

"சரி."

"பற்று ஒண்ணும் இல்லை, சாமி."

"சரிங்கேன்."

"அறிவியல் மட்டும்தான். பற்று இல்லை."

&nbsp;

சாயங்காலம் அடுப்பில் ரசம் இருந்தது. பிரமநாயகம் நோட்டோடு வந்தார். நீல அட்டை, மூலைகள் நைந்தது. கை அடுப்பருகே போனது.

"வாசிச்சிட்டுப் போடுங்க," என்றார் சாமி. அவர் அம்மிக்கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு?"

"எந்த ஸ்டேஜ்னு பாக்காம நான் டிக்கெட் கிழிச்சதில்லை."

பிரமநாயகம் முதல் பக்கத்தைப் புரட்டினார். வகுப்பில் வாசிக்கிற குரலிலேயே வாசித்தார்.

"ஆண்டு 1996. இடம், குளியலறை ஜன்னலோரச் சுவர் ஓட்டை. முட்டை மூன்று. உள்விரிப்பு, மனித முடி. நிறம் கறுப்பு. நீளம் எண்பது சென்டிமீட்டர்."

"எம்மாடி," என்றான் சொரிமுத்து. "யாரு முடி?"

"என் வீட்டுக்காரி. தலை சீவினதும் உதிர்ந்த முடியை விரல்ல சுத்திச் சுருட்டி ஜன்னல் பக்கத்து இடுக்குல செருகி வைப்பா. எல்லாரும் செய்றதுதான். சவுரிக்காரி மாசம் ஒரு தடவை வருவா, முடிக்குப் பதிலா ஊசியும் பின்னும் குடுப்பா. அவளுக்கு முன்னால குருவி வந்திரும்."

"ஊசி போச்சு."

"அதைத்தான் சொல்லுவா. 'உங்க குருவி என் ஊசியைத் தின்னுட்டு'ம்பா. ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு, பின்கட்டு வெயில்ல உட்கார்ந்து சிக்கெடுப்பா. ஒரு மணி நேரம் ஆகும். குருவி மதில்ல காத்துக்கிட்டிருக்கும். 'இருடி, வாரேன்'னு அதுகிட்ட பேசுவா."

"நீங்க?"

"நான் எழுதிக்கிட்டிருப்பேன்."

ரசம் கொதிக்கத் தொடங்கியது. அவர் பக்கத்தைத் திருப்பினார்.

"1999. முடி கறுப்பு. பூத்தொடுத்த வாழைநார், பதினோரு சென்டிமீட்டர். இது அவ தலையில வச்ச பிச்சிப்பூச் சரம். வாடினதை அங்கேயே போடுவா. கூடு ரெண்டு நாளைக்கு மணத்துக்கிட்டு இருந்தது. அதை எழுதலை. மணத்துக்கு அளவு கிடையாதே."

குரலிலிருந்து வகுப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது.

"2008. முடி செம்பழுப்பு. ஐயம்: வேறு நபருடையதாக இருக்கலாம்."

"யாருது?" என்றான் சொரிமுத்து, ஆவலாக.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுதுன்னு நெனச்சேன். அவ…" பிரமநாயகம் நிறுத்தினார். "மருதாணி. நரைக்க ஆரம்பிச்சிருக்கணும். மருதாணி போட்டிருக்கா."

"உங்களுக்குத் தெரியாதா?"

"இப்பத்தான் தெரியுது."

சொரிமுத்து அகப்பையை எடுத்து ரசத்தைக் கிண்டினான்.

"2011. நரை மூன்று இழை. 2014. பாதிக்கு மேல் நரை, நீளம் நாற்பத்தைந்து. மருதாணியை விட்டுட்டா போல."

அடுத்த பக்கத்தில் எழுத்து பெரிதாக இருந்தது. ஓர் அடிக்கோடும் இருந்தது.

"2016. முடி மிக மிக அதிகம். கூடு முழுவதும் முடி. அளவிலும் அழகிலும் இதுவரை கண்டவற்றுள் தலைசிறந்த கூடு. நான் பழைய மாணவன் ஒருத்தனைக் கேமராவோட வரச் சொன்னேன். அவன் பன்னிரண்டு படம் எடுத்தான். அவனுக்கு அவதான் காபி கொண்டுவந்து குடுத்தா."

"அந்த வருஷம் அவ்வளவு முடி எப்படி?" என்றான் சொரிமுத்து.

பிரமநாயகம் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவளுக்குப் புற்றுநோய் மருந்து ஏத்த ஆரம்பிச்ச வருஷம். கொத்துக் கொத்தா வந்தது. எல்லாத்தையும் எப்பவும்போல அந்த இடுக்குலதான் வச்சிருக்கா."

சொரிமுத்து அகப்பையைக் கீழே வைத்தான்.

எழுதிய பக்கம் இன்னும் ஒன்றுதான் இருந்தது. பிரமநாயகம் அதைப் புரட்டினார். கண் மட்டும் ஓடியது.

"வாசிங்க, அண்ணாச்சி."

"2017. முட்டை மூன்று. வேர், நார், பஞ்சு." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "முடி இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறை."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இன்னும் ஒரு வரி இருக்கு போலயே."

பிரமநாயகம் நோட்டைச் சாமியிடம் நீட்டினார். சாமி வாங்கவில்லை. எழுந்து வந்தார். தன் உள்ளங்கையை அவருடைய மொட்டைத் தலையில் வைத்து, முன்னிருந்து பின்னாக, மெல்ல ஒரு தடவு தடவினார்.

அந்தக் கை பின்கழுத்துக்கு வந்து சேர்வதற்குள் பிரமநாயகம் பாளையங்கோட்டையில் இருந்தார்.

பின்கட்டு. காலை வெயில். முன்னால் செய்தித்தாளில் பிரித்த கூடு. ஜன்னலுக்கு உள்ளே உலகம்மாள், தலையில் ஒரு வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு.

"என்னங்க, இந்த வருஷம் குருவி என்ன சொல்லுது?"

"முடி இல்லைங்குது. இதுதான் முதல் தடவை."

"ஏனாம்?"

"தெரியலையே."

அவள் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் துண்டு நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அவர் குருவியை நினைத்துத்தான் சிரிக்கிறாள் என்று இருந்துவிட்டார்.

"நல்லா யோசிச்சு எழுதுங்க," என்றாள்.

அவர் குனிந்து எழுதினார்: காரணம் தெரியவில்லை.

&nbsp;

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் இறக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, முகத்தைத் துடைக்காமலே, பிரமநாயகம் கேட்டார்.

"சாமி, பேனா இருக்கா?"

சாமி விறகுக் கொட்டகைக்குப் போனார். பையின் முன்னறையில் கைவிட்டுத் துழாவினார். ஒரு பழைய பேனா இருந்தது. அதன்மேல் குருவி எச்சமும் இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

பிரமநாயகம் அந்தக் கடைசி வரியை அடித்தார். அதன் கீழே எழுதினார். இடம் போதவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனார். அது 2018க்காகக் கட்டம் போட்டு வைத்த பக்கம், காலியாக இருந்தது. கட்டங்களைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே போனார்.

சொரிமுத்து அடுப்பை எட்டிப் பார்த்தான்.

"விறகு தீரப்போகுது சாமி. நோட்டைப் போடச் சொல்லட்டுமா? அணைஞ்சிரும்."

"அணையட்டும்," என்றார் சாமி.